கமிட்டியின் ஆலோசகர்

லேத்துப் பட்டறை இன்னாசிமுத்து ஒருநாள் திடீரென்று, சி.ஐ.டி. தன்னைப் பின்தொடர்வதாகச் சொன்னார். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் நடுநடுவே தன் பெயரைச் சொல்வதாகச் சத்தியம் செய்தார். மனைவி லூர்தம்மாள் கொடுத்த டீயை அவளையே முதலில் குடிக்கச் சொன்னார். பம்பாய்த் தாராவியே சிரித்தது. சிலர் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கடைசியில் லூர்தம்மாள்தான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

மாத்திரையில் குரல்கள் தணிந்தன. பதிலுக்கு நாக்கு தடித்தது, கை நடுங்கியது, உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வந்தது. பட்டறையில் அவரை லேத்திலிருந்து விலக்கி, சாமான் எடுத்துக் கொடுக்க வைத்தார்கள்.

"சந்தேகம் முழுசாப் போகாது. வந்தா, வேற காரணம் இருக்குமான்னு கேட்டுப் பாருங்கோ. புரியலேன்னா ஆத்துக்காரிகிட்ட கேளுங்கோ" என்றார் மாட்டுங்காவிலிருந்து வரும் தமிழ் டாக்டர்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியதோடு, எல்லோர் கண்ணுக்கும் உளவாளிகள் தெரிய ஆரம்பித்தார்கள். பால்காரன் புதுச்செருப்பு போட்டிருந்தான். பிச்சைக்காரன் ஒருவன் வானத்தைப் பார்த்தான். உடனே அதே தெருக்காரர் பிரம்மநாயகம் தலைமையில் காவல் கமிட்டி அமைந்தது. கமிட்டி நேரே இன்னாசிமுத்துவிடம் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க அன்னைக்கே சொன்னிய. நாங்கதான் பைத்தியம்னுட்டோம். இதுல உங்க அளவுக்குப் பழக்கம் யாருக்கு இருக்கு?"

நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

தையல்காரர் ஜமாலின் ஜன்னலில் சாயங்காலம் வெளிச்சம் மின்னுகிறதாம், விமானத்துக்குச் சிக்னலாம். கேட்டதும் பழைய குரல் காதோரம், "அவன்தான்" என்றது. இன்னாசிமுத்து எழுந்து வீட்டுக்குள் மனைவியிடம் போனார்.

"ஏளா, இது எனக்கு வந்த சந்தேகமா, இவங்களுக்கு வந்ததா?"

"எவருக்கு வந்தா என்ன? வாங்க, போய்ப் பாப்போம்."

ஜமால் கடையில் திறந்த ஜன்னலோரம், சட்டை போட்டுப் பார்ப்பவர்களுக்காக ஆணியில் ஒரு கண்ணாடி தொங்கியது. காற்றில் ஆடி, சாயும் வெயிலைத் தெருவில் அடித்தது. வாசலில் கமிட்டி தடியோடு நின்றது. ஜமால் முகம் வெளுத்திருந்தது.

"கண்ணாடிவே, காத்துக்கு ஆடுது" என்றார் இன்னாசிமுத்து.

"கண்ணாடி வச்சுத்தான் சிக்னல் குடுப்பான்!" என்றார் பிரம்மநாயகம்.

"நானும் இப்படித்தான்வே சொல்லிட்டுக் கெடந்தேன். எதைக் காட்டினாலும் அதையே சாட்சியாக்கிருவேன். அதுக்குத்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ."

யாரோ சிரித்தார்கள். தடிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. லூர்தம்மாள் கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

ஆலோசகர் பதவி அன்றே போயிற்று. "கூர்மையான மனுசன். மாத்திரைதான் மூளையைக் கெடுத்துட்டு" என்று கமிட்டி வருந்தியது.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அவர் கேட்டார்: "டாக்டர், எங்க தெருவுக்கு மொத்தமா மாத்திரை கெடைக்குமா?"

"உங்களுக்கு வந்தது வியாதி. அதுக்கு மருந்து இருக்கு. அவாளுக்கு இதெல்லாம் கேக்காது" என்ற டாக்டர், கை நடுக்கத்துக்காக அவருக்கு அரை மாத்திரை குறைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு ஜமால் அவருக்குச் சட்டை தைக்க அளவெடுத்தார். 'யார் சொல்லி அளவெடுக்கிறான்?' என்றது குரல். இன்னாசிமுத்து திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"சட்டைக்குத்தான். கையைத் தூக்குங்க" என்றாள் லூர்தம்மாள்.

அவர் தூக்கினார்.