பம்ப் சத்தம்

எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பம்பைப் பொருத்தியவன் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். அக்குறணையில் மேட்டில் கட்டிய வீடு. மேல்மாடியில் ஷவரைத் திறந்தால் பம்ப் தானாக ஓடி, கீழே சமையலறைச் சுவர் வரைக்கும் அதிரும். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்னால் அந்தச் சத்தம் கேட்டால் என் உம்மா கைரியாவுக்கு மனம் குளிர்ந்துவிடும். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தால் குளித்துவிட்டுத்தான் தொழவேண்டும்; அது எங்கள் மார்க்கக் கடமை. அல்லாஹ்வுக்கும் எங்களுக்கும் இடையில் உள்ள விஷயம். அதில் உம்மாவின் காதுக்கு என்ன வேலை?

கல்யாணம் முடிந்த கையோடு ஸாகி எங்கள் வீட்டுக்கே மாப்பிள்ளையாக வந்தார். வாப்பாவின் துணிக்கடையில் வேலை, மேல்மாடியில் என் அறையில் குடித்தனம். முதல் சில நாட்கள் இருவருக்கும் கூச்சம், களைப்பு. எந்த வீட்டிலும் நடப்பதுதான். உம்மாவுக்குப் பொறுக்குமா? தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“என்ன மகள், இன்னம் பம்ப் சத்தத்தக் காணல்ல? மாப்புளக்கி ஏதும் சொகமில்லையா?”

ஸாகி அப்போது படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

அன்றிரவு சோதனை மண்டபத்தில் வினாத்தாளுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரால் முடியவில்லை. மறுநாள், நேற்று மாதிரியே ஆகிவிடுமோ என்று பயம். பயந்ததால் மறுபடியும் முடியவில்லை. இருபத்தேழு வயது. காய்ச்சல் என்று கூடப் படுக்காத ஆள். அறைக் கதவைச் சாத்தினால் மட்டும் கை கால் சில்லிட்டுவிடும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்தைக் கேளுங்கள். விடியுமுன் எழும்பிப் போய்ச் சும்மா குளித்தார்! “சத்தம் கேட்டா மாமி நிம்மதியா ஈப்பாங்க தானே” என்றார். அவர் குளித்தால் நானும் தலையை நனைக்கவேண்டாமா? டிசம்பர் குளிரில் பச்சைத் தண்ணீரில், நடக்காத ஒன்றுக்காக நடுங்கி நடுங்கிக் குளித்தோம். இப்படியும் ஒரு கூத்து உலகத்தில் எங்காவது நடக்குமா?

உம்மா பூரித்துப்போனார். கெலிஓயாவில் இருக்கும் ஸாகியின் உம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, போன் எடுத்து எல்லாம் நல்லபடி என்று சொல்லியும்விட்டார். வருஷம் ஒன்று போனது. குழந்தை இல்லை. மாமி வந்து இறங்கினார்.

“குளிப்பு ஒழுங்கா நடக்குது எண்டு ஒங்கட உம்மாவே சென்னாங்க. அப்ப கொற யார்ல?”

எல்லாக் கண்ணும் என் மேல்தான். கருஞ்சீரகம் தின்னத் தந்தார்கள். ஓதிய தண்ணீர் குடிக்கவைத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகும் மாமி சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, என் கையால் கறி வாங்கிக்கொண்டே சொன்னார்: “இன்னம் கொஞ்சம் பாப்பம். இல்லாட்டி மகனுக்கு வேற எடம் பாக்கத்தான் வேணும்.” உம்மா வாயே திறக்கவில்லை. ஸாகி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழுத்தைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கண்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். டொக்டர் எல்லாம் சோதித்தார், பொறுமையாகக் கேட்டார்.

“தூங்கி எழும்புற நேரம் உங்க உடம்பு சரியா இருக்கு. ரத்தம், சீனி எல்லாம் சரி. பயம்தான் தடுக்குது. அந்த நேரம் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?”

“மாமிட, இவட உம்மாட, காதுதான் டொக்டர் ஞாபகம் வருது” என்றார் ஸாகி. சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

கொஞ்ச நாளைக்கு எந்த முயற்சியும் வேண்டாம், சும்மா பேசிக்கொண்டு படுங்கள், இருவரும் திரும்ப வாருங்கள் என்றார் டொக்டர். முதலில் அந்தப் பொய்க் குளிப்பை நிறுத்துங்கள் என்றார். ஸாகி என் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினார். பஸ்ஸில் வரும்போது வடை வாங்கித் தந்து சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது!

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி வந்து எங்கள் வீட்டில் தங்கினார். விடியுமுன் எனக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் ஆளைக் காணவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

பாவி மனுஷா! பெற்ற உம்மா வந்திருக்கிறார் என்றால் சத்தியமெல்லாம் பறந்துவிடுமா? தடதடவென்று படியில் இறங்கி ஓடி, பம்பின் சுவிட்சை அணைத்தேன்.

“ஸுமைரா! தண்ணி இல்ல!” என்று மேலேயிருந்து குரல் வந்தது. உம்மா, மாமி, வாப்பா மூன்று பேரும் தொழுகைப் பாயை விட்டுவிட்டு ஹோலுக்கு வந்துவிட்டார்கள்.

“அவருக்குத் தண்ணி தேவல்ல” என்று கத்தினேன்.

ஸாகி இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கி வந்தார். தலையெல்லாம் சவர்க்கார நுரை.

“நீங்க செல்றீங்களா, நான் செல்லவா?”

அவர் தன் உம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஸுமைராவுல ஒரு கொறையும் இல்ல உம்மா. இந்தக் குளிப்பு பொய். கடமக் குளிப்பு ஒரு நாளும் எங்களுக்கு வரல்ல. எனக்குத்தான் ஏலாம ஈக்குது. டொக்டருக்குக் காட்டுறன்.”

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் உம்மாவுக்கு இப்போதுதான் வாய் வந்தது. “அப்ப எண்ட புள்ள ஏன் இங்க காஞ்சி கெடக்கணும்? இண்டைக்கே காதியார்ட்ட போய்ப் பிரிச்சிவிடச் செல்லுவம்!”

“மாமி என்னத் தள்ளிவெக்கச் சென்ன நேரம் நீங்க வாயத் தொறக்கல்ல. இப்ப நான் இவரத் தள்ளிவெக்கணுமா?” என்றேன். “இவர் எண்ட புருஷன். சொகமாகுற வரைக்கும் நான் பாத்துக்கொள்றன். நீங்க ஒங்கட காதப் பாத்துக்கொள்ளுங்க!”

“போதும் கைரியா” என்றார் வாப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

நுரை ஸாகியின் நெற்றியில் வழிந்தது.

“ஸுமைரா, கண் எரியுது” என்றார் ஸாகி மெதுவாக.

சுவிட்சைப் போட்டேன். “போய்க் கழுவுங்க.”

அவர் மேலே போனார். பம்ப் உறுமியது. உம்மா, பழக்கதோஷத்தில், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

“நல்லாக் கேளுங்க உம்மா” என்றேன். “சவர்க்காரம் கழுவுறார்.”