நஜ்முன்னிசாவின் மசக்கை

தோல் ஷாப்பில் மத்தியானச் சங்கு ஊதினால் ஜெயினுலாப்தீன் மேஸ்திரி கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நிற்பார். பசி இல்லை, பயம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாக வேண்டுமே என்ற பயம்.

தாராவியில் அந்தத் தோல் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவன், தோல் சீவியவன், மேஸ்திரி எல்லோரும் கை கால் கழுவிவிட்டு ஒரே சாக்கு விரிப்பில் உட்காருவார்கள். டப்பாக்கள் நடுவில் வந்துவிடும். யார் வீட்டுக் குழம்பு யார் சோற்றில் விழுகிறது என்று பார்ப்பதில்லை. அந்த விரிப்புக்கே ராஜா, ஜெயினுலாப்தீனின் டப்பாதான். அவர் மனைவி நஜ்முன்னிசா வைக்கும் கறி ஆணத்துக்காகவே, பக்கத்து வீட்டுப் பூதத்தான் தன் கருவாட்டுக் குழம்பை ஓரங்கட்டிவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருவான். மேஸ்திரியும் லேசுப்பட்டவர் இல்லை. நல்லி எலும்பைத் தட்டி அவர் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டு எச்சில் ஊறாதவன் அங்கே கிடையாது.

இப்போது அந்த டப்பாவுக்குள் இருப்பது வெள்ளைச் சோறு, உப்பில்லாத சுரைக்காய், மேலே கொஞ்சம் நெய். வயிற்றை நிரப்பச் சீனி போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி ஒரு தூக்கில்.

கால் வீங்கியபோது, சுண்ணாம்புத் தண்ணீர்தான் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தார். பிறகு காலையில் எழுந்தால் முகமும் உப்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மராட்டி டாக்டர் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்து, "கிட்னி கராப்", கெட்டுப்போய்விட்டது, என்றார். ஆட்டுக் குண்டிக்காயை மிளகு போட்டு வறுத்துத் தின்றே பழகிய மனிதருக்கு, தன் இடுப்புக்குள்ளும் அப்படி இரண்டு இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கறி, மீன், முட்டை எல்லாம் பந்த். ஆசைக்கு வாரத்தில் ஒரு நாள் ஒரே ஒரு துண்டு, தீப்பெட்டி அளவுக்கு. உப்பும் ஆகாது. சொன்னதைக் கேட்காவிட்டால் நாள் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகள் சபுரா செம்பூரில் புகுந்த வீட்டில் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த நேரம் அது. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்போமா என்று நினைத்ததும் ஜெயினுலாப்தீன் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கறியை விட்டால் போதும் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார். கறி தின்னாதவன் என்றால் அவருக்குத் தெரிந்தது மாட்டுங்கா ஐயர்மார்தான். நேரே மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸுக்குப் போனார். தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, பருப்பும் சாம்பாரும் கெட்டித் தயிருமாகச் சில நாள் வெளுத்துக் கட்டினார். கால் இன்னும் வீங்கியது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பருப்பிலும் தயிரிலும் இருப்பது கறியில் இருக்கிற அதே சத்துதானாம். அதைத்தான் அவருடைய கிட்னியால் தாங்க முடியவில்லையாம்.

அதற்குப் பிறகு நஜ்முன்னிசாவே கூடப் போய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். கறிச்சட்டி கவிழ்ந்து பரணில் ஏறியது. கோதுமையிலும் அந்தச் சத்து உண்டு என்பதால், ரேஷனில் போடும் அமெரிக்கக் கோதுமையை அக்கம்பக்கத்தில் கொடுத்து அரிசியாக மாற்றிக்கொண்டாள். அவருக்கு ஆகாததைத் தனக்கென்று தனியாக வைத்துத் தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. அவளும் சுரைக்காயே தின்றாள்.

நோயை வெளியே சொல்லித் தொலைத்திருக்கலாம். அவரால் முடியவில்லை. மூத்திரத்தில் கோளாறு என்றால் தோல் ஷாப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான், காமாத்திபுராவில் காசு கொடுத்துப் பொம்பிளையிடம் போய் வாங்கி வந்த சீக்கு. கரீம் பாட்சா என்று ஒருத்தன் அங்கே வேலை பார்த்தான். அவனும் இதே மாதிரி ஆஸ்பத்திரிக்கு நடந்தான். என்ன சீக்கு என்று ஒருத்தரும் அவனிடம் கேட்கவில்லை. டீக்கடையில் அவனுக்குத் தனி கிளாஸ் வைத்தார்கள். வைக்கச் சொன்னவர் வேறு யாருமில்லை, ஜெயினுலாப்தீன்தான். சொன்னதோடு நிற்காமல் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கவும் செய்தார். கரீம் பாட்சா மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டான். இப்போது டீ கிளாஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவன் முகம் வந்து நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று நஜ்முன்னிசாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சுரைக்காயோடு போன முதல் நாள் பூதத்தான் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னவே மேஸ்திரி, வீட்ல என்ன எழவா? சுரைக்காயக் கொண்டாந்திருக்கீரு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயினுலாப்தீன் வாயில் வந்ததைச் சொன்னார்.

"என்னத்தச் சொல்ல? நஜ்முவுக்குக் கவுச்சி வாடையே ஆகமாட்டேங்கு. கறியக் கண்டாலே கொமட்டுதாம். சட்டியத் தொடவே மாட்டேங்கா."

விரிப்பில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பூதத்தான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று மேஸ்திரிக்குப் புரியவில்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று சுரைக்காயைப் பிசைந்தார்.

பூதத்தான் வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி பேராச்சியிடம் சொன்னான். பேராச்சியிடம் சொன்னால் குழாயடியில் தண்டோரா போட்ட மாதிரி. ஒரு பொம்பிளைக்குக் கறி வாடை குமட்டுகிறது என்றால் காரணம் தெரிய டாக்டருக்கா படிக்க வேண்டும்? நாற்பதைத் தாண்டிய நஜ்முன்னிசா, வயிற்றுப்பிள்ளைக்காரி மகளை வைத்துக்கொண்டு, தானும் முழுகாமல் இருக்கிறாள்! தெருவுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. குழாயடியில் அவள் கைக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நீ தூக்காத தாயி" என்று கண்ணடித்தார்கள். பேராச்சி மாங்காயும் புளியங்காயும் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாசல் தாண்டியதும் வாயைப் பொத்திச் சிரித்தாள். நஜ்முன்னிசா வாங்கி வைத்துக்கொண்டாள். இல்லை என்று சொன்னால், பின்னே ஏன் உன் வீட்டில் கறி வாடையே வரவில்லை என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் இருந்த ஒரே பதில் சத்தியத்துக்குள் கிடந்தது.

தோல் ஷாப்பில் பூதத்தான் ஒரு நாள் விஷயத்தை உடைத்தான்.

"பலே ஆளுவே நீரு! இந்த வயசுலயும் கொடி பறக்குதே!"

அப்போதுதான் ஜெயினுலாப்தீனுக்குத் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று புரிந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நாலு பேர் முதுகில் தட்டினார்கள். மூத்திரக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நின்று கூனிப்போன முதுகு அது. அந்தத் தட்டு அவருக்குச் சுகமாக இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, சுகமாகத்தான் இருந்தது. தாடியைத் தடவிவிட்டுக்கொண்டு, "எல்லாம் அல்லா குடுக்கதுதான்" என்றார்.

அன்று அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்தபோது அந்த வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்பது தள்ளிக்கொண்டே போயிற்று.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது, பிரசவத்துக்கென்று துவைத்துக் காயவைத்த பழந்துணிகளை நஜ்முன்னிசா மடித்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது அவர்கள் பக்கம் மாற்ற முடியாத வழக்கம். சபுரா அந்த வாரம் வர வேண்டும். ஆனால் அவள் மாமியார் சைனப் ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள், சபுராவை அனுப்ப மாட்டோம், பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று.

"ஏனாம்?"

"ஏனோ." நஜ்முன்னிசா நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க போயி பேசிக் கூட்டிட்டு வாங்க. அவ்வளவுதான் நான் கேக்குதேன்."

சயானில் பஸ் பிடித்துச் செம்பூர் போனார். மருமகன் கடைக்குப் போயிருந்தான். சம்மந்தி வந்திருக்கிறாரே என்று கோழி அறுத்து ஆணம் வைத்தார்கள். சபுரா வயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து தட்டை வைத்தாள். வாப்பாவின் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சைனப் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"தப்பா நெனைக்காதீய சம்மந்தி. இப்ப அவுகளுக்கே தொணைக்கு ஆளு வேணும். மகளுக்கு எப்படிப் பிரசவம் பாப்பாக? ஒரே வீட்ல தாய்க்கும் மகளுக்கும் தொட்டில் கட்டுனா ஊரு சிரிக்காதா?"

ஜெயினுலாப்தீனின் நாக்கு நுனிக்கு உடனே ஒரு பொய் வந்துவிட்டது. நஜ்முவுக்குக் கரு தங்கவில்லை, கலைந்துவிட்டது என்று. இதைச் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். சபுரா வந்துவிடுவாள், ஊர் வாய் அடங்கும், அவருடைய சீக்கும் வெளியே தெரியாது. எவ்வளவு லேசாக வருகிறது பொய் என்று அவருக்கே திக்கென்றது.

அதற்குள் சபுரா பேசினாள்.

"நான் வரல வாப்பா. இந்தத் தெருவுல பொம்பிளையளெல்லாம் கேக்குதாளுவ, ஒனக்கு மொதல்லயா, ஒங்க உம்மாவுக்கு மொதல்லயான்னு. உம்மா மூஞ்சில எப்படி முழிக்கதுன்னு தெரியல. அசிங்கமா இருக்கு."

அசிங்கம் என்ற அந்த வார்த்தை தாராவியில் பழந்துணியை மடித்துக்கொண்டிருந்தவள் தலையில் போய் விழுந்ததை ஜெயினுலாப்தீன் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. உள்ளூறக் கூசிப்போனார். தட்டை நகர்த்திவிட்டுக் கைலியைக் கெண்டைக்கால் வரை தூக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"உம்மாவுக்கு ஒண்ணுமில்லம்மா. சீக்கு எனக்கு. கிட்னி கெட்டுப்போச்சு. கறி தின்னக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, உம்மாவுக்குத்தான் கவுச்சி ஆகலன்னு தோல் ஷாப்புல சொன்னேன். சனங்க மசக்கைன்னு நெனச்சிட்டு. நானும் ஆமான்னு சிரிச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்."

சபுரா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தட்ட எடுத்துட்டு வெறுஞ்சோறு கொண்டா சபுரா," என்றாள் சைனப் திரைக்குப் பின்னாலிருந்து. "நெய்ய ஊத்திக் குடு. நாளைக்கி மவன் டாக்ஸில ஒன்னயக் கொண்டுபோயி விடுவான்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அந்த நெய்ச்சோற்றை ஒரு பருக்கை விடாமல், தலையைக் குனிந்துகொண்டே தின்று முடித்தார்.

அவர் திரும்பி வந்தபோது நஜ்முன்னிசா வீட்டுக்குள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி வருதா."

"என்ன சொன்னீய?"

"உள்ளதச் சொல்லிட்டேன்."

"இந்தப் பேச்ச யாரு கெளப்புனதுங்கதயுமா?"

ஜெயினுலாப்தீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்குத் தெரியுமா?"

"பேராச்சி மொத நாளே சொல்லிட்டா. மேஸ்திரி வாயால சொன்னதுன்னு." அவள் கை கல்லைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "அவ மாங்காயக் கொண்டாந்து குடுக்கும்போதெல்லாம் நீங்க உள்ளதான் உக்காந்திருந்தீய. இன்னைக்காச்சும் எந்திரிச்சு வருவீயன்னு பாத்துக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் வாங்குனேன்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கல்லைப் பொறுக்குகிற விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் தான் மட்டும்தான் சத்தில்லாத சோறு தின்கிறோம் என்று தன் மேல் தானே இரக்கப்பட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"செம்பூர்ல சொல்லியாச்சு," என்றாள் நஜ்முன்னிசா. "இங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"யக்கோவ்! நல்ல புளிப்பா ரெண்டு மாங்கா கெடச்சுது!"

பேராச்சிதான். நஜ்முன்னிசா பழக்கதோஷத்தில் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ இரு," என்றார் ஜெயினுலாப்தீன்.

வாசலுக்கு நாலே எட்டுதான். வீங்கிய காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதற்குள் வேர்த்துவிட்டது. மேஸ்திரியே வருவதைக் கண்டதும் பேராச்சி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அவள் பின்னால், தங்கள் வாசற்படியில் உட்கார்ந்து பூதத்தான் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"நஜ்மு முழுகாம இல்ல தாயி," என்றார் ஜெயினுலாப்தீன். பூதத்தானுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார். "அவளுக்குக் கவுச்சி ஆகலன்னு நான் சொன்னது பொய். எனக்குத்தான் மூத்திரத்துல சீக்கு. கறி தின்னக் கூடாது."

பேராச்சியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. மாங்காயோடு நீட்டிய கையை இழுத்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். பூதத்தான் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். ஜெயினுலாப்தீனுக்கு இது புதிதில்லை. கரீம் பாட்சாவிடமிருந்து அவரும் இப்படித்தான் ஒரு எட்டு நகர்ந்திருந்தார்.

உள்ளே நஜ்முன்னிசா அழுகிற சத்தம் கேட்டது. மசக்கைக்காரி என்று தெருவே சிரித்தபோதெல்லாம் அவள் அழவில்லை.