பள்ளத்தூர் தாண்டியதும்

அம்மாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுவது என்று முடிவானதும் முத்துக்கண்ணன் லேப்டாப்பைத் தூக்கி ஸ்டூலில் வைத்தான். அம்மா ராக்காயி தரையில்தான் உட்காருவாள் என்று ஞாபகம் வந்து, அதை எடுத்து அரிசி மூடை மேல் சாய்த்து வைத்தான். ஃபேனை நிறுத்தினான், மறுபடி போட்டான். அவன் மனைவி கிருத்திகா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தைகிட்டக் காட்டாம அனுப்பிராதீக” என்று பல நாளாக அவனை அரித்தவள் அவள்தான்.

முத்துக்கண்ணன் என்ன வேலை பார்க்கிறான் என்று சொந்த ஊரான புதுவயலில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் பிள்ளைகளுக்கான பாட்டு வீடியோக்களுக்குப் படம் வரைந்தான்; கத்தரிக்காய்க்குக் கண் வைத்து ஆடவிட்டான். அப்பா இறந்தபிறகு ஊருக்கு வந்து அதையே வீட்டிலிருந்து செய்தான். சோறு போட்டது கத்தரிக்காய்தான். மிச்ச நேரத்தில் ஒற்றை ஆளாக, ஒவ்வொரு அசைவையும் கையால் வரைந்து, தனக்கென்று படம் எடுத்தான். பொம்மைப் படம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே என்பார்கள். இல்லை, பெரியவர்களுக்கு என்பான். டீக்கடை சின்னச்சாமி அதைக் கேட்டுவிட்டு, “அந்த மாதிரிப் படமெல்லாமா மாப்ள வரையிற?” என்று கண்ணடித்தான். அதிலிருந்து இவன் விளக்கம் சொல்வதையே விட்டுவிட்டான். முன்னால் எடுத்த இரண்டு படங்களையும் பார்த்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம்.

மூன்றாவது படம் அக்கா சாலாவைப் பற்றியது. இவன் ஒண்ணாம் வகுப்புப் படிக்கும்போது அவள் காய்ச்சலில் போனாள். விடியற்காலையில் பஸ் கிடைக்காமல், மில்லில் அரிசி ஏற்றிப் புறப்பட்ட லாரியில் அப்பாவும் அம்மாவும் அவளைக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். இடையில் நடந்ததைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மாவிடம் கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. தெரியாததை வரைந்துகொள்ளலாம் என்பதுதானே இந்தத் தொழிலில் இருக்கிற வசதி. லாரிக்குள் நடக்கிற அந்த ஒரு காட்சிக்கே வருஷக்கணக்காயிற்று. மகளின் தலை சாய்ந்ததும் தாய் அலறுகிறாள். அவள் கூந்தல் அவிழ்ந்து, பெருகி, லாரியையும் ரோட்டையும் மூடிவிடுகிறது. அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் தானே அலறி, அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறிக் கதவைத் தட்டியதும் உண்டு. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் வெளிநாட்டில் ஒரு திரைப்பட விழாவில் படத்தைக் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். இத்தனை வருஷத்தில் முதன்முதலாக ஓர் இடத்தில் அவனை ஆளாக மதித்துக் கூப்பிட்டிருந்தார்கள்.

படம் ஓடியது. கண்மாய்க் கரையில் சாலா ஓடிவந்தபோது ராக்காயி சிரித்துவிட்டாள். “அந்தத் தெத்துப்பல்லு அப்படியே இருக்கு!” லாரி வந்ததும் கால்களை மடக்கிக்கொண்டாள். அலறலும் கூந்தலும் வந்து போயின. கண் இமைக்காமல் பார்த்தாள். முடிந்தபிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்படிக் கத்துறாளே, இவ யாருப்பா?”

“நீதான் ஆத்தா.”

“நான் அழுகலையேப்பா.”

அவனுக்குச் சுரீரென்றது. “நீ மறந்திருப்ப ஆத்தா.”

“எதை மறக்குறது?” என்றாள். கோபமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“பள்ளத்தூர் தாண்டுனதுமே போயிட்டா. மடியில கிடந்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? ஏத்தும்போதே டிரைவர் சொல்லிட்டாரு, அரிசி லோடு, வழியில ஒண்ணு ஆகிப்போச்சுன்னா எறங்கிக்கிறணும், தீட்டாயிரும்னு. நான் வாயத் தொறந்தா அந்தக் கருவக்காட்டுல பிள்ளையோட எறக்கி விட்டுருவாக. ஒங்கப்பா முன்னால உக்காந்து, வேகமாப் போங்க, வேகமாப் போங்கன்னு கெஞ்சிக்கிட்டே வந்தாக. அவுக காதுலயும் விழுகக்கூடாது. அதான் பின் சீட்டுல பேசிக்கிட்டே போனேன்.”

“யார்கிட்ட?”

“சாலாகிட்டத்தான்.”

கிருத்திகா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஆஸ்பத்திரியில வச்சுத்தான் போனான்னு கடைசி வரைக்கும் நம்புனாக ஒங்கப்பா. கொஞ்சம் முந்தி வந்திருந்தாப் பொழைச்சிருப்பான்னு அவுகளுக்கு ஒரு ஏக்கம். நானும் சொல்லல.”

முத்துக்கண்ணனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. பெற்ற தாயைக் கேட்காமல், கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்து வரைந்திருக்கிறான். அந்தக் கூந்தல் இப்போது சவுரி முடியாகத் தெரிந்தது. அந்தக் காட்சியை நீக்கிவிட்டால் விழா இல்லை. அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டது அதைத்தான். புதிதாக வரைய இன்னும் எத்தனை காலமோ, அதுவரை கத்தரிக்காய்தான்.

ராக்காயி அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். “இருந்துட்டுப் போகட்டும்யா. சனங்க இதத்தான் நம்புவாக. அழுகாதவள ஆத்தான்னு யாரு சொல்லுவா?”

அந்தச் சொல்லை அவனால் தாங்க முடியவில்லை. லேப்டாப்பை மூடினான்.

“என்ன பேசுன ஆத்தா?”

“என்னத்தையோ பேசுனேன்.”

“சொல்லேன்.”

அவன் படம்பிடிக்கப் போனை எடுத்து முன்னால் பிடித்ததை அவள் தடுக்கவில்லை. சேலையை மடியில் இழுத்துச் சரிசெய்துகொண்டாள். இடது கை தானாக உயர்ந்து, ஒரு தலையின் கனத்தைத் தாங்கி வளைந்தது. டிரைவர் பார்க்கிறாரா என்பதுபோல ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்தா, கோட்டையூர் வந்துருச்சு. என்னடி தூக்கம்? ஊசி போட்டதும் எந்திரிச்சிருவ. வரும்போது வளவி வாங்கிருவோம், ஒனக்குப் பிடிச்ச பச்சை. தம்பிகிட்டக் காட்டாத, ஒடச்சுப்புடுவான். என்னடி, சரியா?”

குனிந்து பதிலுக்காகக் காத்திருந்தாள். பிறகு ராக்காயி உதட்டை அசைக்காமல், சின்னப் பிள்ளையின் மெல்லிய குரலில், “ம்” என்றாள்.