அணைந்த திரையை வாசித்த சிறுமி

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கல்வித் திட்ட அலுவலகத்தார் என்னிடம் ஒரு பக்கத்தில் ‘வெற்றிக் கதை’ கேட்டார்கள். குழந்தை இருக்க வேண்டும், அதன் கையில் டேப்லெட் இருக்க வேண்டும், பின்னால் பனிமலை தெரிய வேண்டும். கண்ணீர் வரலாம், ஆனந்தக் கண்ணீராக மட்டும்.

முதல் வரியும் எழுதினேன்: ‘நாரின் மலைகளுக்கு நடுவே ஓர் எளிய பள்ளியில் அறிவின் விளக்கு’

(நிறுத்திவிட்டேன். அந்தப் பள்ளியில் பாதி நாள் கரண்ட்டே கிடையாது.)

அடுத்தது: ‘சிறுமி அதினாயின் விரல்கள் திரையில் பறந்தன’

(பறக்கவில்லை. ஏன் என்று கீழே வருகிறது.)

கடைசியில், அந்த அலுவலகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த ஜிபாரா எனக்குச் சொன்னதையே எழுதினேன். அலுவலகத்தார் வேண்டாமென்றுவிட்டார்கள். மிஞ்சியது நீங்கள்தான்.

2

டேப்லெட் கொடுத்தால் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது ஜிபாராவின் வேலை. அவள் கண்டுபிடிப்பதற்கு முன்பே ‘ஆம், படிக்கிறார்கள்’ என்று சுவரொட்டி அச்சாகி வந்துவிட்டது.

“முடிவு என்னன்னு நமக்குத் தெரியும் ஜிபாரா. அதுக்கு எப்படி வந்து சேர்ந்தோம்னுதான் நீ எழுதணும்” என்றார் இயக்குநர் எமில்பெக்.

(எமில்பெக்கை இவ்வளவு அப்பட்டமாகப் பேசவிடலாமா என்று தயங்கினேன். கொஞ்சம் மனிதத்தன்மை சேர்க்கலாமென்று அவருக்கு ஒரு நாய்க்குட்டி கொடுத்துப் பார்த்தேன். நாய் நன்றாக இருந்தது, அவர் அப்படியேதான் இருந்தார். நாயை எடுத்துவிட்டேன்.)

பிள்ளைகள் டேப்லெட்டில் என்ன செய்தார்கள் என்பது அலுவலகக் கணினியில் தெரியும். பெரும்பாலோர் கார் ஓட்டி விளையாடினார்கள். ஒரே ஒரு டேப்லெட்டில் மட்டும் ரஷ்ய மொழிப் பாடங்கள் முழுவதும் முடிந்திருந்தன. தவறு செய்த பாடங்களைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிசெய்திருந்தது அந்தக் கை. அது மூன்றாம் வகுப்பு அதினாயின் டேப்லெட்.

எமில்பெக் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “இவள மேடையில ஏத்து! நன்கொடை குடுக்கிறவங்க முன்னாடி நாலு பத்தி ரஷ்யன்ல வாசிக்கட்டும். போதும், எல்லா மாகாணத்துக்கும் திட்டம் போயிடும்.”

3

சிறுமியைத் தயார்படுத்த ஜிபாரா அவளுடைய ஊருக்குப் போனாள். அதினாயின் அம்மா சைராகுல் பால் விட்ட தேநீரும் எண்ணெயில் பொரித்த சூடான போர்சோக் ரொட்டித் துண்டுகளும் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டேப்லெட்டில் ஒரு பாடத்தை எடுத்து நீட்டினாள் ஜிபாரா. சிறுமி முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். அப்புறம் பின்னலைக் கடித்தாள்.

“பரவால்ல, மெதுவா படி.”

மெதுவாகவும் வரவில்லை. அடுப்புப் பக்கமிருந்து அந்த வாக்கியம் முழுதாக, தெளிவாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் சைராகுல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா… படிச்சது நீங்களா?”

சைராகுல் மறைக்கவில்லை. “நான்தான். ரஷ்யாவுக்கு வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனி மொழித் தேர்வு வைக்குது. போன தடவ தோத்துட்டேன். அடுத்த மாசம் மறுபடி எழுதறேன். வெளிய சொல்லிடாத தங்கச்சி, டேப்ப பிடுங்கிட்டுப் போயிடுவாங்க.”

“பாப்பா, நீ ஏன் படிக்கல?”

“அம்மா குடுத்தாத்தானே!” என்றாள் அதினாய்.

“நீங்க போயிட்டா இவ?”

“எங்கக்கா வீட்ல இருப்பா.” சைராகுல் சிறுமியைப் பார்க்காமல் பதில் சொன்னாள். “நீ போர்சோக் எடுத்துக்கோ, ஆறிடும்.”

(இந்த இடத்தில் ஜிபாராவின் மனநிலையை விவரித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளிடம் காட்டினேன். “எனக்கு அப்ப ஒண்ணும் தோணல, ஒரு போர்சோக்க எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்” என்றாள். பத்தி போயிற்று.)

4

ஜிபாரா எமில்பெக்கிடம் மட்டும் தனியாகச் சொன்னாள், சைராகுலின் தேர்வு முடியும்வரை டேப்லெட்டைப் பிடுங்கக்கூடாது என்ற வேண்டுகோளோடு. அவர் கோபப்படவில்லை.

“டேப் அங்கயே இருக்கட்டும், எனக்கென்ன? பொண்ணு ஒரு பக்கத்த மனப்பாடம் பண்ணட்டும். பாட்டு மாதிரி.”

“அது ஏமாத்து சார்.”

“வாசிக்கிறதுன்னா என்ன? வாய் அசையணும், சத்தம் வரணும். சபைக்கு அது போதும்மா.”

சபைக்குப் போதுமாகத்தான் இருந்தது. பிஷ்கெக் ஓட்டலின் பெரிய அறையில், தொளதொளத்த புதுச் சட்டையில் அதினாய் மேடையேறினாள். இரண்டாவது பத்தியில் டேப்லெட் சார்ஜ் இறங்கி அணைந்துபோனது. அவள் நிறுத்தவில்லை. கறுத்த கண்ணாடியை விரலால் தள்ளித் தள்ளி, மிச்சப் பத்திகளையும் ஏற்ற இறக்கத்தோடு ‘வாசித்து’ முடித்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஆராய்ச்சி முடிவைச் சொல்ல ஜிபாராவை அழைத்தார்கள்.

5

முடிவு அ: ஜிபாரா உண்மையைப் போட்டு உடைக்கிறாள். அறை திகைக்கிறது. (அந்த அறையாவது திகைப்பதாவது! டேப்லெட்டை மட்டும் பிடுங்கியிருப்பார்கள்.)

முடிவு ஆ: சைராகுல் ரஷ்யாவுக்குப் போகாமல் தங்கி, மகளுக்குத் தானே எழுத்துச் சொல்லித்தருகிறாள். (இதைப் படித்து உங்கள் மனம் நிறைந்திருந்தால், அந்த முன்வரிசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு.)

நடந்தது இது. ஜிபாரா ஒலிவாங்கி முன் நின்றாள். சைராகுலின் தேர்வுக்கு இன்னும் சில நாள் இருந்தது. “முடிவுகள் இன்னும் முழுசா வரல” என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டாள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; சாப்பாடு தயாராகியிருந்தது.

சைராகுல் தேறினாள். ரஷ்ய நகரமான எக்கதெரின்பர்க்கில் ஒரு சமையற்கூடத்தில் வேலை. அவள் ரயிலேறிய பிறகு ஜிபாரா உண்மையை அறிக்கையாக எழுதி, எமில்பெக் மேசையில் வைத்து, வேலையை விட்டாள். எமில்பெக் அதைக் கடைசி இணைப்பாகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பக்கம்வரை புரட்டுகிறவர் யாருமில்லை என்று அவருக்குத் தெரியும். திட்டம் எல்லா மாகாணத்துக்கும் போயிற்று.

அதினாய் இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பேசுவாள். டேப்லெட் முழுக்க முழுக்க அதினாயுடையதாகிவிட்டது. அதைத் திறக்கிறாளா என்று ஜிபாராவுக்குத் தெரியாது.

வெற்றிக் கதை கேட்டார்களே. டேப்லெட்டில் படித்துத் தேறியவர் ஒருவர் உண்மையாகவே இருக்கிறார். அது வெற்றிதானா என்பதை அதினாயிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்தால் நாரினுக்கு வண்டியேறுங்கள், கேளுங்கள், இந்த வரியை முடித்துக்கொள்ளுங்கள்:

அதினாய் சொன்னாள், “