டிரைட்டனுக்குப் போகும் வழி

சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் ஆம்லெட் கடை வைத்திருக்கும் கத்தரீனாளுக்கு ஜனவரி மாதத்தில் தலைநிமிர நேரமிருக்காது. பனி பார்க்க வரும் கூட்டம் விடிவதற்குள் கடையை மொய்த்துவிடும். அப்படியொரு காலையில் வந்து நின்ற ஒரு ஆள், டீ கேட்காமல், "டிரைட்டனுக்கு எந்த ஜீப்பு போகும்?" என்று கேட்டான்.

கத்தரீனாள் கரண்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டாள். அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவன் உலகத்திலேயே ஒருத்தன்தான்.

"ஏ, பூவதியா?"

"பூவதியேதான். முடிதான் போயிருச்சு."

பூபதிராஜாவும் அவளும் எஸ்டேட் லயத்தில் அடுத்தடுத்த வீடு. எண்பத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், இருவருக்கும் பன்னிரண்டு வயது. எஸ்டேட்டில் ஒரே டி.வி. ஸ்டாஃப் கிளப்பில் இருந்தது. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போக முடியாது. கொட்டும் மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்க்கலாம். அன்றைக்குச் செய்தியில், வாயேஜர் என்ற விண்கலம் நெப்டியூன் கிரகத்தைத் தாண்டிப் போகிறது என்றார்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் உருண்டை ஒன்றைக் காட்டி, அது நீலம் என்றார்கள். இருவரும் அதை நீலமாகவே பார்த்தார்கள். அதற்கு டிரைட்டன் என்றொரு நிலா, முழுக்க ஐஸ், அந்த ஐஸைப் பிளந்துகொண்டு புகை கிளம்புகிறது என்றார்கள். அதோடு செய்தி கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த ஜனவரியில் ஓடையோரப் பள்ளத்தில் பனி உறைந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அதுதான் டிரைட்டன் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அங்கே எடை குறைவு என்பதால் காலைத் தூக்கித் தூக்கி, மிதப்பதுபோல நடக்க வேண்டும் என்பது பூபதியின் சட்டம். உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகி அம்மாக்களுக்கு வேலையில்லாமல் போன நாட்களில், பிள்ளைகள் ரெண்டும் அங்கே மிதந்துகொண்டிருந்ததற்கு முதுகில் நன்றாக வாங்கினார்கள்.

மறு வருஷம் பூபதியின் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்து சங்கரன்கோவிலுக்குப் போனார்கள். லாரி வளைவில் திரும்பும்வரை அவன் கையாட்டினான். அழுகையை மறைக்க இவள் நாக்கைத் துருத்திக் காட்டினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

இரண்டு ஆம்லெட் உள்ளே போனதும் அவன் பேசினான். ஜெர்மனியில் இருக்கிறானாம். பெரிய கிரகங்களுக்கும் அவற்றின் ஐஸ் நிலாக்களுக்கும் கலம் அனுப்பத் திட்டம் போடுகிற வேலை.

"அப்ப டிரைட்டனுக்கு அனுப்பிட்டியாக்கும்?"

"எங்க! நாம ஜன்னல்ல தொங்கிக்கிட்டுப் பாத்தோமே, அதுக்கப்புறம் அங்க ஒரு ஈ காக்கா போகல."

கல்யாணம், இரண்டு பிள்ளைகள், புருஷனின் சாவு என்று இங்கே எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, அங்கே யாராவது போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள் என்று கத்தரீனாள் நினைத்திருந்தாள்.

"ஏழு வருசம் உக்காந்து ஒரு திட்டம் போட்டோம் புள்ள. நெப்டியூனச் சுத்திக்கிட்டே டிரைட்டனத் திரும்பத் திரும்ப எட்டிப் பாக்கணும். ஐஸுக்கடியில கடல் இருக்கான்னு தெரியணும். போன மாசம் வேண்டாம்னுட்டாங்க. மறுபடி எழுதிக் குடுக்கலாம்தான். நான் வரலன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஒத்துக்கிட்டு, கட்டி, ஏவி, அது போய்ச் சேர ரெண்டாயிரத்து அம்பதத் தாண்டிரும். எனக்கு எழுபத்தஞ்சு ஆயிரும். அப்புறம் என்னத்தப் பாக்க?"

"எங்கம்மா எழுபத்தி ரெண்டு வயசுலயும் ஜீப்புல நசுங்கிக்கிட்டு உடும்பஞ்சோலைக்கு ஏலக்கா எடுக்கப் போனா. உக்காந்து டி.வி. பாக்க உனக்கு முடியாதாக்கும்?"

அவன் சிரிக்கவில்லை. கத்தரீனாள் பக்கத்துக் கடை முனீஸ்வரனைக் கூப்பிட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"எந்திரி."

பள்ளத்தில் இப்போது ஒரு ரிசார்ட்டின் கூடாரங்கள் நின்றன. முட்டை கொண்டுவருகிறவள் என்பதால் காவல்காரர் அவளைத் தடுக்கவில்லை. கூடாரங்களுக்கு நடுவில், வெயில் படாத இடத்தில், புல் வெள்ளையாக இருந்தது. முன்புபோல கனமில்லை; விரல் பட்டால் கரைந்தது. பூபதி குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து மெதுவாக நடக்க ஆரம்பித்தான்.

கத்தரீனாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்பே கண் நிறைந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். கூடாரத்திலிருந்து எட்டிப்பார்த்த ஒரு பெண் போனை எடுத்துப் படம்பிடித்தாள். பிடித்துவிட்டுப் போகட்டும்.

கடைக்குத் திரும்பியதும் பூபதி முட்டை அட்டைகளை ஒதுக்கி லேப்டாப்பைத் திறந்தான். தட்டிக்கொண்டே இருந்தான். வைத்த டீ ஆறிப்போனதால் அவளே எடுத்துக் குடித்தாள்.

அடுத்த வருஷம் ஜூனில், மழை அறைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது.

"முதல் சுத்துல தேறிட்டோம் புள்ள!"

"சத்தமாச் சொல்லு, மழை!"

"தேறிட்டோம்! இன்னும் ரெண்டு சுத்து இருக்கு!"

"சரி சரி. சாப்ட்டியா நீ?"

போனை வைத்தபோது கடையில் ஜீப் ஓட்டுகிற டிஜோ மட்டும்தான் இருந்தான்.

"யாரு சேச்சி?"

"எங்க லயத்துப் பையன். தூரத்துல ஒரு கடல் இருக்கான்னு பாக்கப் போறான்."

"கிட்டுமா?"

"தெரியல" என்றாள். பாலை அடுப்பில் ஏற்றினாள். டிஜோவுக்கொன்று, தனக்கொன்று என்று இரண்டு டம்ளர்களைக் கழுவி எடுத்தாள்.