தலைமாட்டுச் செங்கல்

கரும்பு லாரி மேலிருந்து தலைகுப்புற விழுந்த நடேசன் இரண்டு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தான். மூளை வீங்கி மண்டைக்குள் அழுத்துகிறது என்றார் டாக்டர். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மும்மூன்று செங்கல் வைக்கச் சொன்னார்.

"தல உசந்தே இருக்கணும்மா. தாழ்ந்தா அழுத்தம் ஏறும், உசுரு தங்காது."

அதிலிருந்து அவன் பெண்டாட்டி ருக்குமணி அந்தச் செங்கல்லுக்குக் காவல் இருந்தாள். கூட்டுகிறவளின் துடைப்பம் பட்டால்கூடச் சண்டைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலை, வீக்கத்தை வடிக்கிற மருந்து பாட்டில் வாங்க வெளிக் கடைக்கு ஓடினாள். அந்த நேரம் பார்த்தா பாகூரிலிருந்து நாத்தனார் தனக்கொடியும் அவள் புருஷன் சின்னப்பிள்ளையும் வந்து இறங்க வேண்டும்!

திரும்பி வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். செங்கல் வைத்த பக்கம் நடேசனின் கால் இருந்தது. தலை பள்ளத்தில் கிடந்தது. முகம் ஊதிப்போய், மூச்சு குறட்டையாக இழுத்தது.

"யாரு பண்ண வேல இது?"

"நாங்கதான்," என்றாள் தனக்கொடி பெருமையாக. "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதேம்பாங்க. எந்தம்பிய வடக்க தல வச்சு போட்டிருக்கியே, நீ இன்னா பொம்பளடி?"

"அடிப்பாவி! கொல்லப் பாத்தியே! அண்ணின்னு பாக்கறேன், இல்லன்னா நடக்கறதே வேற." ருக்குமணி சின்னப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "அண்ணா, இன்னா முழிக்கற? கால புடி!"

சத்தம் கேட்டு ஓடிவந்த நர்ஸ் கழுத்தைத் தாங்க, மூவருமாக அவனைப் பழையபடி திருப்பினார்கள். ஒரு கண்ணின் பாப்பா விரிந்திருந்தது. டாக்டர் வந்தார், பாட்டில் ஏறியது. அந்த ஒரு மணி நேரமும் ருக்குமணி தனக்கொடியைப் பார்த்து வாய் ஓயாமல் திட்டினாள்.

பாப்பா சுருங்கியது. "இன்னும் கொஞ்ச நேரம் உட்டிருந்தா போயிருப்பாரு," என்றார் டாக்டர்.

தனக்கொடி மூக்கைச் சிந்தினாள். "ஆனாலும் வடக்காச்சேடி..."

ருக்குமணி டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். நாலு பேர் பிடித்து, அவனை அசைக்காமல், கட்டிலோடு திருப்பி, செங்கல்லையும் தலைமாட்டுக் கால்களுக்கே மாற்றி வைத்தார்கள். தலை தெற்கே வந்தது, உயரமும் குறையவில்லை.

"கட்டில திருப்ப ஒங்க ரெண்டு பேருக்கும் தோணல. மண்ட ஒடஞ்சவன திருப்பத்தான் தோணிச்சா?"

தனக்கொடி கட்டிலருகே வந்தாள். தலைமாட்டில் குனிந்து, சற்றே விலகியிருந்த செங்கல்லைச் சரிசெய்யக் கை நீட்டினாள்.

"தொடாத," என்றாள் ருக்குமணி.