பூச்செடி வைத்த படகு

வைத்திக்குப்பத்து மணலை ஒட்டி முப்பது மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று பலகை வைத்தார்கள். பலகையில் கட்டடத்தின் படம். காற்று வாங்கிய பாய்மரப் பாயைப் போல வளைத்து வரைந்திருந்தார்கள். மீனவர்களுக்குச் செய்யும் மரியாதையாம் அது. மரியாதை செய்கிறவர்கள் முன்னாடியே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குப்பத்து இளவட்டங்களுக்கு அது சுறாவின் முதுகுத் துடுப்பாகத் தெரிந்தது. மீன் வாங்க வந்த, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, துபாய்ல கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்க" என்றார்.

மீன் விற்கும் அஞ்சம்மாள் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. அதன் காலடியைப் பார்த்தாள். மணலில் ஒரு படகுகூட இல்லை.

"நம்ம போட்டெல்லாம் எங்க போச்சி?" என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டாள். சும்மா படம்தானே என்றவர்களிடம், "படத்துல இல்லன்னா நாளைக்கு மணல்லயும் இல்லன்னு அர்த்தம்" என்று சண்டைக்குப் போனாள். கேட்டுக் கேட்டே ஊரைக் கிளப்பிவிட்டாள். கட்டடத்தைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. குப்பத்துக்காக அஞ்சம்மாளே பேசட்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் சக்கரபாணி சொல்லிவிட்டார்.

கட்டடம் கட்டும் கம்பெனிக்காரர்கள் படத்தை மாற்றி ஒட்டினார்கள். இப்போது ஒரு படகு இருந்தது. ஒரே ஒரு படகு. கட்டடத்தின் வாசலில், புல்தரை நடுவில், அதன் உள்ளே பூச்செடி நட்டு வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் 'கார்குழலி' என்று எழுதியிருந்தது.

அஞ்சம்மாள் பலகைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அது அவளுடைய படகு. கட்டிக்கொடுத்த மகளின் பெயரை அவள் புருஷன் அதற்கு வைத்திருந்தான். போன வருஷம் ஐப்பசிக் காற்றில் அவன் போய்ச் சேர்ந்தான். படகு மட்டும் கரைக்கு வந்தது. அன்று தார்ப்பாய் போட்டு மூடியதுதான். நேரு வீதியில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் மகன் விமல்ராஜ் ஆடி கழிந்ததும் அதை இறக்குவான் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். கடல்மேல் போகாத பிள்ளையை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

மூடிக் கிடந்த படகை வழியில் போகிறவன் படம் பிடித்திருக்க முடியாது. யாரோ தார்ப்பாயைக் கழற்றிக் காட்டியிருக்கிறார்கள். யார்? அந்தத் தார்ப்பாயைக் கட்டியவன் கொழுந்தன் தட்சிணாமூர்த்தி. அவனுடைய வலைக்கொட்டகை பக்கத்திலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, கம்பெனி ஆளோடு அவன் டீ குடித்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். அஞ்சம்மாள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

"அண்ணனோட போட்ட வித்துட்டான் பாவி!" என்று மாரியம்மன் கோயில் வாசலில் நின்று கத்தினாள்.

"போட்டு இல்லாத படத்த ஏன்யா போட்டீங்கன்னு கேக்கத்தான் அவன்கிட்ட போனேன் அண்ணி" என்றான் தட்சிணாமூர்த்தி. அவனை யார் நம்புகிறார்கள்?

"கற்பூரம் ஏத்துங்க. ஒவ்வொரு வூட்டுலயும் ஒரு ஆம்பள வந்து அணைச்சி சத்தியம் பண்ணட்டும்" என்றாள் அஞ்சம்மாள்.

சக்கரபாணி தட்டில் கற்பூரம் ஏற்றினார். முதல் ஆளாகத் தட்சிணாமூர்த்தி வந்தான். "படத்த நான் குடுக்கல, ஆத்தா சத்தியமா" என்று உள்ளங்கையால் அழுத்தி அணைத்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. தான் போட்ட கணக்கு தப்போ என்று அஞ்சம்மாளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. கற்பூரம் மறுபடி ஏற்றப்பட்டது. வீடு வீடாக வந்து அணைத்தார்கள். எல்லாரும் முடிந்தபின் சக்கரபாணி கூப்பிட்டார்: "அஞ்சம்மா வூடு."

"எங்க வூடு எதுக்கு?"

"கேட்ட வூடு கடைசியா வரணும். ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா?"

தெரியும். புருஷன் இருந்தவரை அவன் வந்து அணைப்பான். இப்போது அந்த இடம் யாருக்கு என்று அவள் யோசிக்கவே இல்லை. விமல்ராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தீக்கு மேலே கையை நீட்டினான். கை இறங்கவில்லை, நடுங்கியது. போன மாசம் வலுக்கட்டாயமாக அலைக்கருகில் கூட்டிப்போனபோது இதே கை இப்படித்தான் நடுங்கியது. குளிர் என்று நினைத்தாள். குளிராம், சித்திரை வெயிலில்!

பிள்ளை பொய்ச் சத்தியம் செய்துவிடுவானோ என்று பதறி, அஞ்சம்மாள் பாய்ந்து தன் கையால் தீயை அணைத்தாள்.

"படம் எங்க வூட்டுலேர்ந்துதான் போச்சி" என்றாள். "தட்சிணா, உன்ன நான் சொன்னது தப்புப்பா."

கூட்டம் அவளையே பார்த்தது. நேற்றுவரை அவளை நம்பிய கண்கள் இப்போது அவள் மடியில் கம்பெனிக் காசு இருக்கிறதா என்று தேடின. சக்கரபாணி தட்டைக் கீழே வைத்தார்.

"இனிமே குப்பத்துக்காக நீ பேசுனா ஊர் ஏத்துக்காது அஞ்சம்மா."

"தட்சிணா பேசட்டும்."

"நான் பேசுனா எவன் நம்புவான்?" என்றான் தட்சிணாமூர்த்தி. "கற்பூரம் அணைச்சாலும் நீ நாறடிச்சது போவுமா அண்ணி?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு ஒரே கூரையின்கீழ் கிடந்த பிள்ளையின் பயம் தெரியவில்லை. அந்த வெட்கம் அவளைத் தின்றது. மகனோடு வீட்டுக்குப் போகும் வழியில் பலகையைத் தாண்டியபோது கேட்டேவிட்டாள்:

"காசுக்காடா குடுத்த?"

விமல்ராஜ் படத்தில் இருந்த படகைப் பார்த்தான்.

"செடி வச்சிட்டா அது திரும்பக் கடலுக்குப் போவாதும்மா. அதான் குடுத்தேன்."